கிள்ளியாற்றங்கரையில் போட்ட இரட்டைக் கோடு

போன மாதம் என் பழைய மைதானத்தில் இப்போது வேலை பார்க்கிற இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். கோடு போட வண்டி வாங்கியிருக்கிறார்களாம். பெயிண்டை ஊற்றித் தள்ளிக்கொண்டு நடந்தால் போதும், கோடு தானே விழுமாம். "வண்டி வந்த சந்தோஷத்துல மலர் ஒண்ணு போடுதோம் அண்ணாச்சி. அந்தக் காலத்துல நீங்க எப்படிக் கோடு போட்டியன்னு நாலு பக்கம் எழுதித் தாங்க" என்றார்கள். கேட்டதுதான் தாமதம், மறுநாளே எழுத உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் இதைப் பற்றிக் கேட்க ஆள் வரமாட்டார்களா என்று நான் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறேன் என்பது என் மனைவிக்குத் தெரியும்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலை தேடி வந்தவன் நான். நகரத்துப் பெரிய மைதானத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள். புல் வெட்டுவது, கோல்கம்பம் நடுவது, பந்துக்குள் பிளாடர் திணித்துக் காற்றடித்து வாரை இழுத்துக் கட்டுவது என்று எல்லாம் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. அதையெல்லாம் விரித்துச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். கோட்டைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அது மேஸ்திரி பரமேஸ்வரன் பிள்ளையின் சமாச்சாரம்.

மேஸ்திரிதான் எனக்கு மேலாள். பழைய பட்டாளக்காரர். மெலிந்த உடம்பு, காக்கி அரைக்கால் சட்டை, தோளில் ஈரிழைத் துண்டு. யாரையும் திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். வேலை சரியாக இருந்தால் கோட்டோரத்தில் உட்கார்ந்து வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பார். சரியில்லை என்றால் திறக்க மாட்டார். மூடிய செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார், நாம் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும்வரை. அந்த மூடிய செல்லத்துக்குப் பயந்து நான் கோட்டை அழித்து அழித்துப் போட்ட நாட்கள் உண்டு. "எடே செல்லையா, கோடு இல்லெங்கில் இது வெறும் பறம்பாக்கும். பசு மேயும்" என்பார். அதுவரை அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சே அதுதான்.

மூலை மட்டம் பார்ப்பது இப்படி: ஒரு பக்கம் அளவுகோலால் மூன்று கோல் அளந்து முளை அடிக்க வேண்டும், அடுத்த பக்கம் நான்கு கோல். குறுக்கே கயிறு பிடித்தால் சரியாக ஐந்து கோல் வர வேண்டும். வராவிட்டால் மூலை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சுண்ணாம்புக்கு வேறு முறை. சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பைக் குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கொதித்து அடங்கி, பல நாள் ஊறிய பிறகு துணியில் வடிகட்டுவோம். அதில் ஒரு விரல் எடுத்து மேஸ்திரி தன் முன்கையில் தடவுவார். பிறகு ஒரு வாய் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். கை அரிக்கவில்லை என்றால்தான் அந்தச் சுண்ணாம்பு மைதானத்துக்குள் போகும். நம் ஆட்டக்காரர்கள் எல்லோரும் வெறுங்கால்காரர்கள் அல்லவா? பூட்ஸ் போட்டு ஆடியவர்கள் வெள்ளைக்காரர்களும் பட்டாளத்து அணிகளும்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கிள்ளியாற்றங்கரையில் ஒரு சின்ன கிளப் இருந்தது. கிள்ளியாற்று யூனியன் என்று பெயர். சாலைக் கடைவீதியில் மூட்டை சுமக்கிறவர்கள், தையற்காரர்கள், அக்ரகாரத்துக் குமாஸ்தாக்கள் எல்லாம் சேர்ந்த கதம்பம். கோல் காக்கிற தங்கப்பன் அரிசிக்கடையில் மூட்டை தூக்குகிறவன், ஆள் கதவு மாதிரி இருப்பான். கிளப்பின் செயலாளர் ஹரிஹரன், சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. உதைக்கத் தெரியாது, ஆனால் பந்தென்றால் உயிர். அவர்களுடைய மைதானம் ஆற்று வண்டல் படிந்த மெத்தென்ற தரை. வெறுங்காலுக்கு அதைவிடச் சுகமான தரை நகரத்தில் கிடையாது.

அந்த வருஷம் கோப்பைப் போட்டிக்குச் சீட்டு எடுத்தபோது, இந்தக் கிளப்போடு மோத வந்து விழுந்தது மதராஸில் முதல் டிவிஷனில் ஆடிய ஒரு ரெஜிமெண்டு அணி. அதுவும் ஆட்டம் யூனியனின் சொந்த மைதானத்தில். நகரமே சிரித்தது. பானையில் எலி விழுந்த மாதிரி மாட்டிக்கொண்டார்கள் என்றார்கள். ஹரிஹரன் மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம மண்ணுல அவா பூட்ஸ் புதையும். எனக்கு இது ஒண்ணு போறும்" என்றார். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. ஆட்டத்தன்று உச்சிவேளைக்குள் மைதானம் விதிப்படி தயாராக இருக்க வேண்டும். ரெப்ரி பார்த்துச் சரியில்லை என்று சொன்னால் ஆட்டம் பட்டாளத்துப் பரேடு மைதானத்துக்கு மாறிவிடும். அது சரளைக்கல் தரை. அங்கே வெறுங்காலோடு பூட்ஸை எதிர்த்து ஆடுவதும் ஆடாமல் தோற்றதாக எழுதிக்கொடுப்பதும் ஒன்றுதான்.

கோடு போட்டுத்தர வேண்டும் என்று ஹரிஹரன் எங்களைக் கேட்டிருந்தார். மேஸ்திரி சம்மதித்தார். ஆட்டத்தன்று காலையில் கயிறும் முளையுமாக நாங்கள் இருவரும் போனோம். லேசான தூறல் பெய்து விட்டிருந்தது. ஆற்றங்கரை வளைவு திரும்பியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மைதானத்தில் கோடு ஏற்கெனவே விழுந்திருந்தது. தடிதடியாக, பளீரென்று. அதிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

ஹரிஹரன் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார். "மேஸ்திரி, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு பசங்களே போட்டுட்டா. சூளையிலேர்ந்து புத்தம்புதுசா கொண்டுவந்த சுண்ணாம்பாக்கும்! எப்படி இருக்கு?"

மேஸ்திரி குனிந்து ஒரு விரலால் தொட்டார். உடனே விரலை உதறினார். நீற்றாத சுண்ணாம்பு, மேலே தூறல் வேறு. கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு தையற்காரப் பையன் பந்தோடு ஓடிவந்து கோட்டை மிதித்து, அய்யோ என்று ஒற்றைக்காலில் துள்ளினான்.

ஹரிஹரனின் முகம் வெளுத்துவிட்டது. பாவம், நல்லது செய்யப் போய் பூட்ஸ்காரர்களுக்கு வேலி கட்டிக் கொடுத்திருந்தார். அவர்கள் அந்தக் கோட்டின் மேல் நாட்டியம் ஆடலாம். நம் ஆட்கள் கிட்டே நெருங்க முடியாது.

மேஸ்திரி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "மாந்தித் தோண்டி எடுக்கணும். ஒரு கைப்பத்தி அகலம், ஒரு சாண் ஆழம். குழியில ஆத்து மண்ணு போட்டு இடிக்கணும்" என்றார். ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் மண்வெட்டி எடுத்தார்கள். கொத்த ஆரம்பித்த பிறகுதான் பெரிய கேள்வி எழுந்தது. தோண்டி எடுத்துவிடலாம், பதிலுக்கு எதை வைத்துக் கோடு போடுவது? எங்கள் குழியில் இருந்த நீற்றிய சுண்ணாம்பு முழுவதும் திருவிழா வெள்ளையடிப்புக்குப் போய்விட்டிருந்தது, சுண்ணாம்பு கிளப் தருவதாகத்தான் ஏற்பாடு. புதிதாக நீற்ற நாள் இல்லை. சாலைக் கடைவீதியில் உள்ள வெற்றிலைச் சுண்ணாம்பை எல்லாம் வாரிக்கொண்டு வருகிறேன் என்றான் தங்கப்பன். "அது நாக்கையே பொள்ளிக்கும். வெடிச்ச குதிகாலை விட்டு வைக்குமோடே?" என்றார் மேஸ்திரி. செல்லம் மூடியபடியே மடியில் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் ஆற்றுக் கடவிலிருந்து அக்ரகாரத்துப் பெண்கள் குளித்துவிட்டு ஈரப் புடவையும் குடமுமாக வந்தார்கள். அவர்களுடைய வழி மைதானத்தின் குறுக்கேதான். அவர்களுக்கும் கிளப்புக்கும் ஜென்மப் பகை. முன்னே வந்தவர் மங்களம் மாமி, ஹரிஹரனின் சொந்த அக்கா. அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர். தங்கப்பன் உதைத்த பந்து ஒருநாள் அவருடைய பித்தளைக் குடத்தில் பட்டுக் குடம் நசுங்கிப்போயிற்று. பந்தை எடுத்துக்கொண்டுபோய் நெல் பத்தாயத்துக்குள் போட்டுப் பூட்டியவர், ஒரு மாதம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார். அதுவரை கிளப் கந்தல்துணிப் பந்தில் பயிற்சி எடுத்தது.

"என்னடா ஹரி, மைதானத்தை உழுதுண்டிருக்கேள்? கப்பக்கிழங்கு நடப் போறேளா?" என்றார் மாமி.

ஹரிஹரன் எல்லாவற்றையும் கொட்டினார். மாமி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். தோண்டிய பள்ளத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.

"கோடுதானேடா வேணும்? வெள்ளையா, கால் பொள்ளாம?"

"ஆமாக்கா."

"அரிசிமாவு இருக்கச்சே எதுக்குடா சுண்ணாம்பைத் தேடிண்டு அலையறேள்?"

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் மாமியைப் பார்த்தார். "அரைச்ச மாவோ, உணக்க மாவோ?" என்று கேட்டார்.

"அரைச்ச மாவுதான். உணக்க மாவு காத்துல பறந்துடாதோ? தரையை மட்டும் நீங்க இறுக்கிக் குடுங்கோ, சாணி தெளிச்சு நாங்க போடறோம். ஆனா ஒண்ணு. இனிமே காலம்பற நாங்க குளிச்சுட்டு வர நேரத்துல ஒருத்தன் பந்தைத் தொடப்படாது. சம்மதமா?"

"சத்தியம்" என்றார் ஹரிஹரன். அந்தச் சமயத்தில் மாமி அவருடைய ஆபீஸ் உத்தியோகத்தையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

தங்கப்பன் கடைக்கு ஓடினான். முதலாளியிடம் என்ன சொன்னானோ, ஒரு மூட்டை பச்சரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமாகவே திரும்பி வந்தான். வீட்டுக்கு வீடு அரிசி போயிற்று. ஊறியும் ஊறாமலும் ஆட்டுக்கல்லில் விழுந்தது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் ஆட்டுக்கல் சுற்றும் சத்தம் ஆற்றங்கரைவரை கேட்டது. என் ஆயுளில் எத்தனையோ பாண்டு வாத்தியம் கேட்டிருக்கிறேன், அன்றைய சத்தத்துக்கு எதுவும் ஈடில்லை. இங்கே நாங்கள் பள்ளத்தில் வண்டலைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரி ஒவ்வொரு மூலையிலும் மூன்று, நான்கு, ஐந்து அளந்து கயிறு கட்டினார்.

பெண்கள் வந்தார்கள். சாணித் தண்ணீர் தெளித்து மெழுகினார்கள். இடது கையில் மாவுக் கிண்ணம், வலது கையில் நனைத்த துணி. துணியைப் பிழியப் பிழிய மாவு விரல் நுனியில் இறங்கி வந்தது. குனிந்து பின்னோக்கி நடந்தபடி கயிற்றோரமாக இழுத்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்த மேஸ்திரி திடீரென்று கையை உயர்த்தினார்.

"அம்மே, நிக்கணும். இதெந்தா, ரெண்டு கோடு விழுது?"

நானும் அப்போதுதான் கவனித்தேன். விரித்த சுட்டுவிரலுக்கு ஒன்று, மோதிர விரலுக்கு ஒன்று என்று எல்லாக் கோடும் இரட்டையாக விழுந்துகொண்டிருந்தது, நடுவில் சாணிக் கறுப்பு தெரிய.

"ரெண்டு இழையாத்தான் விழும்" என்றார் மாமி நிமிராமலே.

"பந்துகளிக்கு ஒத்தைக் கோடு மதி, போதும் அம்மே."

மாமி நிமிர்ந்தார். "ஒத்தை இழை போடறதுக்கு இங்க என்ன எழவா விழுந்திருக்கு? எங்காத்துப் பசங்க ஜெயிக்கணும்னு போடற கோலம். அசுபமா ஒத்தை இழை இழுக்க என் கை வராது. உங்களுக்கு வேணும்னா நீங்களே போட்டுக்கோங்கோ."

பின்னால் இருந்த பெண்களும் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். மங்கலமான காரியத்துக்கு இரட்டை இழை, ஒற்றை இழை துக்கத்துக்கு. அது அவர்கள் வழக்கம். ஹரிஹரன் இருவருக்கும் நடுவில் கையைப் பிசைந்தார். மேஸ்திரி என்ன செய்யப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினைந்து கோடு போட்டால் பதினான்கை அழிக்கச் சொல்லுகிற மனிதர். அவர் அளவுகோலை எடுத்து, ஒரு இழையின் வெளியோரத்திலிருந்து அடுத்த இழையின் வெளியோரம்வரை வைத்துப் பார்த்தார். கோடு ஐந்து அங்குலத்துக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது என்பது விதி. மாமியின் விரல்கள் அதற்குள்தான் நின்றன. நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார், நாலு இடத்திலும் ஒரே அளவு.

"ரெண்டும் சேர்ந்து ஒரு கோடு. போடணும்" என்றார். நடு வட்டத்துக்கு முளையில் கயிறு கட்டிக் கொடுத்ததும் பெண்களுக்குக் குஷி பிறந்துவிட்டது. மையப்புள்ளி வைக்கச் சொன்னால் தாமரை வைத்தார்கள். மேஸ்திரி அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உச்சிவேளைக்கு ரெப்ரி வந்தார். கொல்லத்திலிருந்து வந்த ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் கார்டு. விசில் ஊதுவதே தொழிலாக இருந்தவர். கோட்டோரமாக நடந்தவர் நின்றார்.

"இது என்ன மேன்? ரயில் லைன் போட்டு வச்சிருக்கே?"

மேஸ்திரி அட்டென்ஷனில் நின்று அளவுகோலை நீட்டினார். கார்டு அதை வாங்கி, தானே முழங்காலிட்டு அளந்தார். மாவைத் தொட்டு முகர்ந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "சரி. பால் ரெண்டு தண்டவாளத்தையும் முழுசா தாண்டினாத்தான் அவுட். ரெண்டு கேப்டனுக்கும் சொல்லிடறேன். மேட்ச் இங்கேதான்!"

ஹரிஹரன் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாலையில் ஆற்றின் இரு கரையிலும் தலைகளே தெரிந்தன. அக்ரகாரத்துப் பெண்கள் கடவுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ தற்செயலாக அங்கே வந்தவர்கள் போல. அரிசிமாவு வாசனைக்கு ஊர்க்காக்கை அத்தனையும் வந்து இறங்கியது. எங்கள் கோல்பக்கம் காக்கை விரட்டும் பொறுப்பை மேஸ்திரி எனக்குக் கொடுத்தார். குடையை விரித்து மூடி விரித்து மூடி நான் இரண்டு பாதியிலும் தங்கப்பனின் கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். அதனால் நடந்தது எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

ரெஜிமெண்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் ஆறடி. ஆரம்பத்தில் நம்மை மிதித்துத் தள்ளினார்கள். ஆனால் ஹரிஹரன் சொன்னது பலித்தது. நேரம் போகப் போகப் பூட்ஸில் வண்டல் அப்பி, ஒவ்வொரு காலும் உரல் மாதிரி கனத்தது. நம் ஆட்கள் மெழுகின தரையில் நடக்கிற மாதிரி அலுங்காமல் ஓடினார்கள். இடைவேளைக்கு அப்புறம், காலையில் சுண்ணாம்பை மிதித்த அந்தத் தையற்காரன்தான், பேர் ஆசீர்வாதம், இடது ஓரத்தில் அந்த இரட்டைக் கோட்டை ஒட்டியே பந்தை உருட்டிக்கொண்டு போய்க் கோலுக்குள் தள்ளினான். காலில் எண்ணெய்த் துணி கட்டியிருந்தான். கரையில் எழுந்த கூச்சலில் காக்கைகள் எல்லாம் தாமாகவே பறந்துபோயின. நான் குடையைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ரெஜிமெண்டு மொத்தமாக நம் கோலில் வந்து விழுந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவர்களுடைய நடு முன்னணிக்காரன் ஒரு உதை உதைத்தான். தங்கப்பன் பாய்ந்து பந்தின் மேல் குப்புற விழுந்தான். அவன் மேல் நாலு பேர் விழுந்தார்கள். விழுந்த இடம் கோட்டின் மேல்.

"கோல்! கோல்!" என்று ரெஜிமெண்டு கேப்டன் இரண்டு கையையும் தூக்கினான். அவர்கள் ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கரை அடங்கிப்போயிற்று. கோல் என்றால் ஆட்டம் சமன், மறுஆட்டம் அவர்கள் ஊரில்.

கார்டு விசிலை நீளமாக ஊதினார், வண்டியை நிறுத்துகிற மாதிரி. "ஒருத்தனும் அசையாதே!" மேலே கிடந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பினார். தங்கப்பனை மட்டும் அப்படியே கிடக்கச் சொன்னார். "பாலை இறுக்கிப் பிடி. உருட்டினே, கோல் கொடுத்துடுவேன்." தங்கப்பன் மூச்சுகூட விடவில்லை. கார்டு தரையில் கன்னம் படுகிற அளவுக்குக் குனிந்தார். நான் பின்பக்கம் இருந்து குனிந்தேன். மேஸ்திரி எப்போது என் பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியாது, அவரும் குனிந்தார்.

முன் இழை இருந்த இடம் தெரியவில்லை. பந்தும் சேறும் சேர்ந்து அதைத் துடைத்துப்போட்டிருந்தன. வழக்கமான ஒற்றைக் கோடாக இருந்திருந்தால் அங்கே பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது, கேப்டன் கத்தியதுதான் தீர்ப்பு ஆகியிருக்கும். ஆனால் பந்துக்குப் பின்னால், மங்களம் மாமியின் மோதிர விரல் இழுத்த இரண்டாவது இழை இருந்தது. வெள்ளையாக, ஒரு பொட்டு சேறுகூடப் படாமல், அறாமல், கம்பத்திலிருந்து கம்பம்வரை.

கார்டு கேப்டனைக் கூப்பிட்டு விரலால் காட்டினார். கேப்டன் குனிந்து பார்த்தான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான், தலையை ஆட்டினான். நல்ல மனிதன்தான். தங்கப்பனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டதும் அவனே.

"நோ கோல்!"

படிக்கட்டிலிருந்து முதலில் எழுந்தது பெண் குரல். "இழை அறலைடீ! அறலை!" அப்புறம் எதுவுமே காதில் விழவில்லை. கடைசி விசில் ஊதியதைக்கூட நான் கேட்கவில்லை, ஹரிஹரன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது. அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கென்ன வெட்கம்? சாலைக் கடைவீதியிலிருந்து பழவங்காடிவரை தங்கப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மூட்டை தூக்கியவனை அன்று ஊர் தூக்கியது.

மேஸ்திரி ஊர்வலத்துக்குப் போகவில்லை. கோல்கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார்.

மறுநாள் காலையில் கயிறும் முளையும் எடுக்க நாங்கள் மறுபடி போனோம். மைதானத்தில் ஒருவனும் பந்து உதைக்கவில்லை, சத்தியம் சத்தியம்தான். பெண்கள் குளித்துவிட்டு வந்தார்கள். மங்களம் மாமி கோல்கம்பத்தருகே குடத்தை இறக்கி வைத்து, காக்கை தின்றது போக மிச்சமிருந்த இழையைப் பார்த்தார்.

"மேஸ்திரி, ஒத்தை இழை போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

யாரையும் பாராட்டாத அந்த மனிதர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "தோத்துப் போயிருப்போம் அம்மே" என்றார். பிறகு முந்தைய நாள் நான் எடுத்து வைத்திருந்த ஆட்டப் பந்தை வாங்கி, கழுவித் துடைத்து, மாமியின் நசுங்கிய குடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இனி இது உங்க வீட்டுல இருக்கட்டே. வேணும்போ நாங்க வந்து கேட்டு வாங்கிக்கொள்ளாம்."

மாமி பந்தை எடுத்து இடுப்பில் ஒரு பக்கமும் குடத்தை மறுபக்கமுமாக வைத்துக்கொண்டார். நாலடி நடந்தவர் திரும்பினார்.

"காலம்பற வந்து கேட்டா தரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."